கோப்பியின் பழைய பெயர்கள்

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கேம்பல் லேன் பக்கம் ஒரு பலகாரக் கடையில் வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் மற்றவர்களுக்கு அதிரசம் ஞாபகம் வரும். எனக்குக் குதிரைத் தீவனம் ஞாபகம் வந்து தொலைக்கிறது. தவிட்டிலும் ஓட்ஸிலும் கருப்புப் பாகைக் கலந்து வாளி வாளியாகத் தூக்கிப் போவார்கள். கிராஞ்சியில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தின் அலுவலகத்தில் நான்கு வருடம் அந்த வாசனைக்குள் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். தலைக்குக் குளித்தாலும் போகாது. ஆங் மோ கியோவுக்குத் திரும்பும் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அது ஒன்றுதான் அந்த வேலையில் கிடைத்த சலுகை.

பாகு மணத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் கீதா அழைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. குதிரையேற்றப் பள்ளி ஒன்றை நிர்வகிக்கிறாள்.

"ஏய், நீதானே கிராஞ்சில வேலை பார்த்தே? எங்க குதிரை கோப்பியோட பழைய கதைய கண்டுபிடிச்சுக் கொடு லா. ரொம்ப அர்ஜென்ட்."

விஷயம் இதுதான். பள்ளியின் நிலக் குத்தகை முடிகிறது. குதிரைகளையெல்லாம் லாரியில் ஏற்றி ஜொகூருக்கு அனுப்ப வேண்டும். மற்றவை சமர்த்தாக ஏறிப் பழகிவிட்டன. கோப்பி மட்டும் சரிவுப் பலகையில் காலே வைக்கவில்லை. கேரட் காட்டினார்கள், கண்ணைக் கட்டினார்கள், பின்புறம் கயிறு சுற்றி முன்னால் இழுத்தார்கள். அது முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றதில் ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இந்த வயதில் மயக்க மருந்து ஆபத்து என்றார் மருத்துவர். கடைசி நாள்வரை ஏறாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. மூன்று வாரம் பாக்கி.

"அது ரேஸ் குதிரைடீ. முன்னாடி எத்தனையோ தடவ லாரி ஏறியிருக்கும். எப்படி ஏத்தினாங்கன்னு எவனுக்காவது தெரிஞ்சிருக்கும்ல?"

குதிரை லாயத்தில் வேலை பார்த்தவள் என்றால் குதிரை தெரிந்தவள் என்று ஊரே நினைக்கிறது. எனக்குக் குதிரை என்றால் பயம். நான் பார்த்துப் பழகியதெல்லாம் விசைப்பலகைதான். அந்த நாட்களில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "இந்த வாரம் எது ஜெயிக்கும்?" என்று காதோரம் கேட்க ஒரு சித்தப்பா வந்துவிடுவார். தெரியாது என்றால் நம்பமாட்டார். தொல்லை தாங்காமல் ஒருமுறை வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சரி, தேடலுக்கு வருகிறேன். கோப்பி என்பது அதன் காப்பி நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர். இரண்டு மூன்று கை மாறி வந்ததில் பழைய தாள்கள் தொலைந்துபோயின. மிச்சம் இருந்தது தோளில் சூடு போட்ட எண் மட்டும்: மேலே 41, கீழே 6. அதைப் படம் எடுத்து பந்தயத் திடலின் அலுவலகத்துக்கு அனுப்பினேன். குதிரையின் பெயரைக் குறிப்பிடவும் என்று பதில் வந்தது. பெயர் தெரியாமல்தானே கேட்கிறேன் என்று எழுதினேன். பெயர் இருந்தால் உதவ முடியும் என்று மறுபடி வந்தது. தெம்பனிஸில் இப்போதைய வேலையிடத்தில் என் மேசை முன் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்த்துச் சத்தமாகவே திட்டினேன். மூன்றாவது பதில், திடலே மூடப்பட்டுவிட்டதால் அதற்கான பிரிவு இப்போது இல்லை என்றது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

இங்கே ஓடுபவற்றில் பாதி நியூசிலாந்தில் பிறந்தவை; அங்கே குதிரைப் பதிவேடு பார்க்கும் ஒரு பெண்மணிதான் உதவினார். மேலே உள்ளது பண்ணையில் எத்தனையாவது குட்டி என்பது, கீழே உள்ளது பிறந்த வருடத்தின் கடைசி எண் என்று விளக்கி, பெயரையும் தேடிக் கொடுத்தார். குவைட் ஹார்பர். அந்தப் பெயரில் இங்கத்திய பழைய பந்தய முடிவுகளில் தேடினால் இரண்டே பந்தயம். அதற்குப் பிறகு குதிரை காற்றில் கரைந்துவிட்டது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: தொடர்ந்து தோற்றால் இங்கே முதலாளிகள் குதிரையின் பெயரை மாற்றுவார்கள். ராசிக்கு. ஜோசியரைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பெயர்மாற்றப் படிவங்களை நானே எத்தனையோ தட்டியிருக்கிறேன். அது மறந்துபோனதற்கு யாரைத் திட்டுவது?

பழைய பெயர்மாற்ற அறிவிப்புகளைத் துழாவிப் புதுப் பெயரைக் கண்டுபிடித்தேன். டபுள் எய்ட் கிங். எங்கள் லாயத்துக் குதிரை. இரண்டு வருடம் என் ஜன்னலுக்கு எதிரே நின்ற குதிரை. போன மாதம் கீதாவின் பள்ளிக்குப் போயிருந்தபோது அதன் முன்னால் நின்று படம்கூட எடுத்துக்கொண்டேன். அடையாளம் தெரியவில்லை.

ஆவணங்களில் எல்லாம் இருந்தது. எந்தப் பந்தயம், எத்தனை கிலோ சுமை, யார் ஓட்டினார், நொடியின் நூறில் எத்தனை பங்கு பிந்தியது என்பதுவரை. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய் ஓடித் தோற்றிருக்கிறது. லாரியில் எப்படி ஏறியது என்று மட்டும் ஒரு வரி கிடையாது.

லாயத்தில் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டவன் சேகர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். மாட்டுப் பொங்கலன்று குதிரைகளுக்கெல்லாம் குங்குமம் வைத்துவிட்டு, "மாட்டுக்கு எங்கக்கா போறது? இருக்கிறதுக்கு வைப்போம்" என்றவன். பயிற்சியாளர் அலறி அடித்துக்கொண்டு ஈரத் துணியோடு ஓடினார். திடல் மூடிய பிறகு சேகர் பேருந்து ஓட்டுகிறான் என்று மட்டும் தெரியும். மார்சிலிங் கோப்பிக்கடைகளில் ஒரு ஞாயிறு விசாரித்து அலைந்து, அடுத்த ஞாயிறு அவனையே பிடித்தேன். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாள்.

கதையைக் கேட்டுச் சிரித்தான். "கிங்கா? அது முன்பக்கமா ஏறாதுக்கா. பின்னாடியே நடத்திதான் ஏத்தணும். இருட்டப் பாத்துட்டுப் போகாது. வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே பின்னாடி வரும்." அப்புறம் சாதாரணமாகக் கேட்டான்: "நான் அப்பவே சொன்னேனேக்கா, எழுதி வைக்கலையா?"

சொல்லியிருந்தான். ஒரு காலை வேளையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது அப்படியே திரும்பி வந்தது. "இந்தப் படிவத்துல அதுக்கெல்லாம் இடம் இல்ல சேகரு" என்று நான் சொன்ன பதிலும். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. வெற்றி பெறாத குதிரைக்கு என்ன குறிப்பு என்று காலியாக விட்டேன். மூன்று வாரமாக நான் யார் யாரையோ திட்டியதெல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது. வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சேகர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். கோப்பியின் வாலை லாரிப் பக்கம் திருப்பி நிறுத்தி, நெஞ்சில் கைவைத்து, "பின்னாடி வாடா, இன்னும், அவ்ளோதான்" என்றான். பேருந்தைப் பின்னோக்கி நிறுத்துமிடத்தில் விடுவதுபோல நான்கே நிமிடத்தில் ஏற்றிவிட்டான். கீதா அழுதாள். அழுதுகொண்டே, எழுதி வைக்காததற்காக என்னைத் திட்டவும் செய்தாள். வாங்கிக்கொண்டேன். லாரி வாசலைத் தாண்டிப் போனதும் அந்த இடம் வெறும் மண்ணாகிவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் நானும் சேகரும் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குப் பேச்சு நிற்கவில்லை. "கிங்குக்குப் பக்கத்துல ஒரு வெள்ளை இருந்துச்சே, அதுக்கு மழைச் சத்தம் ஆகாது, காதுல பஞ்சு வைக்கணும். மூலையில ஒரு கருப்பு. அது சாப்பிடும்போது யாராவது பக்கத்துல நிக்கணும், இல்லேன்னா பட்டினி கிடக்கும்."

"அதெல்லாம் இப்ப எங்க சேகரு?"

"தெரியலக்கா. மலேசியா, ஆஸ்திரேலியா, எங்கெங்கயோ."

பேருந்து வந்தது, போனது. அவன் இன்னொரு குதிரையைப் பற்றி ஆரம்பித்தான். இந்தத் தடவை நான் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் எழுதிக்கொண்டேன். யாருக்கு அனுப்புவது என்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.