அளவு நோட்டில் இருந்த கடவுச்சொற்கள்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான் வேலை பார்க்கும் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஒருவர் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யாரும் சொல்லித்தருவதில்லை. இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்வதுபோல அது தானாக நடக்கிறது. வந்த புதிதில், உல்ரிக என்ற மூத்த ஊழியர் எனக்காக அப்படிச் சன்னல் பக்கம் திரும்பியபோது, வெளியே ஏதோ நடக்கிறது என்று நினைத்து நானும் எட்டிப் பார்த்தேன். பனி மட்டும்தான் பெய்துகொண்டிருந்தது.

எங்கள் பழக்கம் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டியிருந்தது. செய்யூரிலிருந்து அக்கா விஜயாவும் நானும் பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போனோம். பிரவுசிங் சென்டர்க்காரர், "பாஸ்வேர்டு இன்னா வெக்கட்டும்?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அக்கா, "மகாபலிபுரம்னு போடுண்ணா. வேல முடிஞ்சதும் அங்கதான் போறோம்" என்றாள். கடை முழுக்கக் கேட்டிருக்கும். சொன்னபடியே திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். கடற்கரையில் பாவாடை முழங்கால்வரை நனைய நின்றோம். எனக்கே எனக்கென்று ஒரு பூட்டு கிடைத்த நாள் அது. அதன் சாவி அக்காவிடமும் இருந்தது எனக்கு உறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு நான் வைத்த கடவுச்சொற்கள் எல்லாமே அந்த ஊர்ப் பெயரும் பின்னால் ஓர் எண்ணும்தான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் விமானம் ஏறும்போது என் சிம் கார்டை அக்காவிடம் கழற்றிக் கொடுத்தேன். ஊர் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டுமானால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அக்கா செய்யூர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் அழைத்தால் மிஷின் சத்தம் நிற்கும். "இருடி, கண்ணாடி போட்டுக்கறேன்" என்பாள். ஆறு எண்களில் மூன்றைச் சொல்லிவிட்டு, "சாப்ட்டியா? இன்னா கொழம்பு?" என்று கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்து அந்த எண் செல்லாமல் போகும். மறுபடி புது எண், மறுபடி பேச்சு. வங்கியில் எந்த வேலையும் இல்லாத நாள்களிலும் நான் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்ததுண்டு.

என் கடவுச்சொற்களை அக்கா தன் அளவு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வாடிக்கையாளர் பெயர், கீழே தோள், கை, இடுப்பு அளவுகள். ஒரு பக்கத்தில் மட்டும் மேலே 'ரேவதி' என்று என் பெயர், கீழே வங்கி, மின்னஞ்சல், விசா விண்ணப்பம் எல்லாவற்றின் கடவுச்சொற்களும்.

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார்கள். அளவு சரியா என்று கேட்டு அக்கா நோட்டைப் படம் எடுத்து அவர்களுடைய கைப்பேசிக் குழுவில் போட்டாள். எதிர்ப்பக்கம் என்னுடையது. "இன்னா விஜயாக்கா, ரேவதிக்கு மட்டும் அளவு இங்கிலீஷ்ல கீது?" என்று ஒரு பெண் கேட்ட பிறகுதான் அக்காவுக்கு விளங்கியது. படத்தை அழித்துவிட்டு என்னை அழைத்தாள். வங்கியின் கடவுச்சொல்லை உடனே மாற்றினேன். அதற்கான எண்களை அக்கா நடுவில் எதுவும் கேட்காமல் ஒரே மூச்சில் படித்தாள். மின்னஞ்சலை வேலை முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில், செங்கல்பட்டுப் பக்கமிருந்து புதிய கைப்பேசி ஒன்றில் உங்கள் மின்னஞ்சல் திறக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது.

அக்காவை அழைத்துக் கத்தினேன். "உன்ன நம்பித்தான குடுத்தேன்? இப்ப யாரோ உள்ள பூந்துட்டாங்க. என் பேப்பர் அத்தினியும் அதுலதான் கீது!"

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "யாரும் பூரலடி. நாந்தான். எல்லாம் பத்திரமா கீதான்னு பக்கத்துக் கட பொண்ணு போன்ல தொறந்து பாத்தேன்."

அதன்பின் நான்கு நாள் அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. ஓ.டி.பி. படித்துச் சொல்ல ஆளில்லாமல் ஊர் வங்கிக் கணக்கு பூட்டியே கிடந்தது. அதை நான் கவனித்தது மூன்றாம் நாள்தான்.

உணவு இடைவேளையில் உல்ரிகவிடம் இதைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் அக்கா உங்களைக் கண்காணிக்கிறாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை, அவள் என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். என் அரைகுறை ஜெர்மனில் அது 'அவள் என்னை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்' என்று வந்து விழுந்தது. வீட்டாரின் கண்காணிப்பில் தவிப்பவர்களுக்கு உதவ நகராட்சியில் ஆலோசகர் இருப்பதாக அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட, அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாதுகாப்பான வழியை அவர்தான் காட்டினார். எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் ஒரு செயலி. ஒவ்வொரு கணக்குக்கும் நினைவில் நிற்காத வேறு வேறு சொல்லை அதுவே உருவாக்கி வைத்துக்கொள்ளும். நான் மனப்பாடம் செய்ய வேண்டியது அந்தச் செயலியைத் திறக்கும் நீண்ட சொற்றொடர் ஒன்றை மட்டும். "ஊர்ப் பெயர் கூடாது. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள் வேண்டும்" என்றார். வங்கிக்கு எழுதிக் கேட்டு, ஓ.டி.பி.க்கு இங்குள்ள எண்ணையே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். செய்தேன். மகாபலிபுரத்தை மற்ற எல்லாக் கணக்குகளிலிருந்தும் நீக்க ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது.

கடைசியில் ஒரு தாளை அச்சிடச் சொன்னது செயலி. எல்லாம் மறந்துபோனால் மீட்டெடுக்க உதவும் குறியீடு அதில் இருந்தது. பக்கத்திலேயே வசிக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டுமாம். இந்த நகரத்தில் அப்படி யார் என்று யோசித்துக்கொண்டே மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அதை உறையிலிட்டு ஒட்டி உல்ரிகவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் அக்கா போனை எடுத்தாள். "நோட்டுல அந்தப் பக்கத்த கிழிச்சுட்டேன்" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். புது ஏற்பாட்டைச் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்குத் திறக்கும்படி செயலியில் அவள் பெயரைக் கொடுத்திருப்பதையும் சொன்னேன். அவள் கேட்டதும் உடனே திறக்காது. நான் மறுக்காமல் பதினான்கு நாள் கடந்தால்தான் திறக்கும்.

"பதினாலு நாளா? பதினாலு நாளு உன் சத்தம் கேக்காம நான் சும்மா இருப்பனாடி?" என்றாள். நான்கு நாளை அவளுக்கு நான் நினைவூட்டவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "அப்ப நம்பரு படிக்க இனிமே நான் வாணாம்?"

"வாணாங்க்கா."

"நல்லதுதான். பேஜார் இல்ல" என்றாள். அவளுக்குப் பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. "அந்த சிம்ம இன்னா பண்றது? கழட்டிடவா?"

இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

இப்போது காரணம் இல்லாமலேயே அழைக்கிறேன். முதலில் எண்கள் இல்லாமல் எங்கே தொடங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை. போன வாரம் டிராம் நிறுத்தத்தில் நின்று அழைத்தபோது, மதுராந்தகத்திலிருந்து என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி என் பழைய எண்ணுக்கு அழைத்ததாக அக்கா சொன்னாள்.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? ரேவதி வெளிய போய்க்கீறா, வந்துடுவான்னேன்."

நான் ஏற வேண்டிய டிராம் கதவைத் திறந்து, கொஞ்சம் காத்திருந்து, மூடிக்கொண்டு போனது.