ஒரே மைக்

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தருகே, நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கிய நாத்திகர் கூட்டம் நடக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியில் குங்குமப் பொட்டு. கோயில் திருவிழாவுக்கும் இதே மைக் செட்டுதான்.

"கல்லுக்குப் பசிக்குமா? எதுக்கு அம்மனுக்குக் கூழ் ஊத்துறீங்க?" என்று பேச்சாளர் நக்கலடிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கப் பாய்கிறார். அவர் கையைத் தட்டிவிடுகிறார் பக்கத்தில் நிற்கும் பூக்காரம்மா.

"நீங்க சாமி கும்பிடறவங்க இல்லியா?" என்று அந்த அம்மாவிடம் கேட்கிறேன்.

"இன்னா சார், ஒயர புடுங்கிட்டா நான் எதுல பதில் சொல்றது?"

விறுவிறுவென மேடையேறி மைக்கை வாங்குகிறார்.

"அம்மன் பேர சொல்லி ஊத்தற கூழ ஊரே குடிக்குது நைனா. ஆடிக்கு நீயும் சொம்ப எடுத்துகினு வா!"

கைதட்டல் கடல்வரை கேட்டிருக்கும். பேச்சாளரும் சிரித்தபடி தட்டுகிறார். பூக்காரம்மா அவரிடமே மைக்கை நீட்டுகிறார்.

"இந்தா, இப்ப நீ பேசு."