ஏறக்குறைய சாரின் பத்துச் சட்டைகள்

கல்லூரியில் அந்தக் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஏறக்குறைய சார்’. மனிதர் தப்பித்தவறிக்கூட ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட மாட்டார். பாவம், அவருடைய ஆராய்ச்சியே அதில்தான். சாதாரணக் கணக்கில் ஒரு பொருள் கூட்டத்துக்குள் இருக்கும், அல்லது இருக்காது. ஃபஸி என்கிற மங்கல் கணக்கில் பாதி இருக்கலாம், முக்கால் இருக்கலாம். சார் அதற்கும் ஒரு படி மேலே போனவர். உண்டு என்பதற்கு ஓர் எண், இல்லை என்பதற்குத் தனியாக ஓர் எண், இரண்டிலும் சேராமல் மிஞ்சுவது தயக்கம். தகவல் வரவர தயக்கம் கரையும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்.

டீ வேண்டுமா என்றாலே மூன்று எண் சொல்கிறவரிடம் மனைவி பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டாள். அவளுக்கு வேறு ஊர் மருத்துவமனையில் தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு. அந்த ஊர்க் கல்லூரியில் சாருக்கும் ஓர் இடம் காலி.

“அங்க தங்கறதுக்கு ஒத்தை அறையா, குடும்ப வீடான்னு ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே சொல்லணுமாம். நீங்க வரீங்களா, இல்லையா?”

பனியனோடு உட்கார்ந்திருந்த சார் கண்ணை மூடி யோசித்தார். “வர்றதுக்குப் பத்துக்கு ஆறு. வராததுக்கு ஒண்ணு.”

“மீதி மூணு?”

“தயக்கம்.”

இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட அழுகை வந்தது. அலமாரியைத் திறந்து அவருடைய பத்துச் சட்டைகளையும் எடுத்தாள். ஆறைத் தன் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றை ஆணியில் மாட்டினாள். மூன்றைக் கட்டிலில் வீசினாள்.

“உங்க கணக்குப்படிதான் வெச்சிருக்கேன். சரியான்னு பாத்துக்குங்க.”

மனுஷன் எண்ணியே பார்த்தார்! தலையையும் ஆட்டினார். கட்டிலில் கிடந்த மூன்றைப் பார்த்ததும்தான் முகம் வாடியது.

“ஒரு தகவல் குறையுது. வரீங்களான்னு கேட்ட. வாங்கன்னு ஒரு தடவைகூட சொல்லலியே.”

அவளுக்குச் சுருக்கென்றது. “அடக் கடவுளே! இதை வாயைத் தொறந்து வேற சொல்லணுமா? நீங்க இல்லாம அங்க போய் யார்கிட்ட சண்டை போடுவேன்? வாங்க!”

அதற்குள் மருத்துவமனையிலிருந்து போன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தாள். ஒத்தை அறையா, குடும்ப வீடா என்று கேட்டார்கள். “ஒரு நிமிஷம்,” என்று திரும்பினாள்.

சார் கட்டில் சட்டைகளைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். ஆணி காலியாக இருந்தது.

“அந்த ஒண்ணு எங்க?”

“போட்டிருக்கேன்.”

“குடும்ப வீடு,” என்று போனில் சொல்லிவிட்டு, அவர் கோணலாகப் போட்டிருந்த பட்டன்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.