இரண்டு வரிசைப் பூ

அப்பிள் தோட்டத்தில் வேலை என்று சொன்னால் எங்கள் சனம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்ப உங்களுக்கு அப்பிள் சும்மா கிடைக்குமே?" கோயிலில் கேட்பார்கள், கலியாண வீட்டில் கேட்பார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய், ஏணியில் ஏறிப் படம் எடுத்து, பாதி கடித்த பழத்தை மரத்தடியில் எறிந்துவிட்டு வருவார்கள். ஜனவரிக் குளிரில், முழங்கால் வரை புதையும் பனியில் நின்று, ஒருத்தி அந்த மரத்துக்குக் கொப்பு வெட்டியிருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றாது. நான் பதினொரு வருடம் வெட்டினேன். இப்போது வெட்டுவதில்லை. அதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும்.

என் வீடு கனடாவில், மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில். தோட்டம் லவாலையும் தாண்டி வடமேற்கில், காரில் முக்கால் மணி நேரம். முதலாளி ஒரு கியூபெக் அம்மா. கணவர் இறந்த பிறகு தனியாக நின்று தோட்டத்தை நடத்தியவர். நான் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவேன். அறுவடைக்குக் குவாத்தமாலாவிலிருந்து ஆட்கள் வருவார்கள், குளிர் இறுகும் முன் போய்விடுவார்கள். வருடம் முழுக்க நின்றது அவரும் நானும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அவரிடம் படித்தது. அதனால் மரத்தைப் பற்றி என்ன கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்வேன். வங்கியில் போய் நின்றால் வாய் அடைத்துவிடும்.

என் கணவர் இறந்தபோது மகளுக்குப் பத்து வயது. அடுத்த வசந்தத்தில் தோட்டத்தில் சேர்ந்தேன். அவளுடைய பிறந்தநாள் செப்டம்பர் கடைசியில் வரும். அது பழம் பறிக்கும் உச்சக் காலம். பழம் காத்திருக்காது, பிள்ளை காத்திருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் நவம்பரில்தான் கேக் வெட்டினோம். பள்ளிக்கூடத்து நாடகம், பட்டமளிப்பு என்று எல்லாவற்றுக்கும் நான் பிந்திப் போனேன், அல்லது போகவே இல்லை. சின்ன வயதில் சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டி அடுக்கும் கொட்டிலில் வீட்டுப்பாடத்தோடு இருத்திவிடுவேன். பதின்மூன்று வயதோடு அதற்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

பத்தொன்பது வயதில், ஒரு டிசம்பர் மாதம், பெட்டியைக் கட்டினாள். மொன்றியல் நகர நடுவில் சிநேகிதிகள் இரண்டு பேரோடு இருக்கப் போகிறாளாம். நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கில் நரம்பு இல்லை. அவள் கத்தவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அம்மா, நான் உங்களுக்கு ஒரு மரமாப் பிறந்திருக்கலாம்," என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கைபேசியில் எழுத்து மட்டும்தான். சுகமா, சுகம். அவ்வளவுதான்.

கடைசி வருடத்துக் கதைக்கு வருகிறேன். மதாமின் மரங்களுக்கு வயது போய்விட்டது. காய் சிறுத்தது, கடைக்காரர்கள் எடுக்கத் தயங்கினார்கள். பக்கத்துக் காணிக்காரர் சோளம் போடுகிறவர். நிலத்தைத் தாருங்கள் என்று கேட்டபடி இருந்தார். ஒரு நாள் கொப்பு வெட்டிக்கொண்டு நின்றபோது மதாம் என்னைக் கேட்டார்: "விற்கவா, புதிதாக நடவா? நீ சொல்." நடுங்கள் என்றேன். மரத்தின் மேல் உள்ள அன்பால் சொன்னேன் என்று இங்கே எழுதலாம். உண்மை என்னவென்றால், ஐம்பத்து நான்கு வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது என்ற பயத்தில் சொன்னேன்.

மே மாத நடுவில் இருபது வரிசை குட்டை மரக் கன்றுகள் நட்டோம். கம்பி இழுத்து, ஒவ்வொரு கன்றையும் கட்டி, குழாய் போட்டுத் தண்ணீர் விட்டோம். வேலை முடிந்த அன்று மதாம் வரிசையின் முனையில் நின்று சொன்னார்: "இது பிடித்தால் இன்னும் பத்து வருடம் நிற்பேன். பிடிக்காவிட்டால் சோளக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை.

பெரிய மரங்கள் மே கடைசியில் பூத்து உதிர்ந்துவிடும். புதுக் கன்று பிந்திப் பூக்கும், ஜூன் நடுவில். அந்தப் பூ முழுவதையும் கையால் கிள்ளி எறிய வேண்டும். முதலாவது, கன்று தன் பலத்தை வேருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தீக்கருகல் என்று ஒரு நோய் இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால், அது விரிந்த பூ வழியாகத்தான் மரத்துக்குள் இறங்கும். இறங்கினால் கொப்பு நெருப்பில் வாட்டியதுபோலக் கறுத்துவிடும். குட்டை மரத்தில் அது அடிவேர் வரைக்கும் போய்விடும்.

எங்களுக்கு ஆலோசனை சொல்ல வாரத்துக்கு ஒரு முறை ஒரு பெண் வருவாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்துவிட்டு இங்கேயே வேலை எடுத்தவள். மதாமோடு பிரெஞ்சு, என்னோடு தமிழ். ஜூன் நடுவில், கன்றுகள் பூத்திருந்த ஒரு புதன்கிழமை, வந்து பார்த்தவுடன் சொன்னாள்: "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பூகூட இருக்கக் கூடாது. சனிக்கிழமை மழைன்னு போட்டிருக்கு. இந்த வெயில்ல மழையும் பட்டுதுன்னா அவ்ளோதான்." மதாம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு லவாலில் மகன் வீட்டில் இருந்தார். தொலைபேசியில், "நீ இருக்கிறாய், எனக்குக் கவலை இல்லை," என்றார்.

புதன் பின்னேரமே தொடங்கினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பதினெட்டு வரிசை முடிந்துவிட்டது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் குடிக்கக் குந்தியபோது மகளிடமிருந்து செய்தி. "ஞாயிறு எனக்கு வேலை இல்லை. தோட்டத்துக்கு வரவா? பூ இருக்கா? நான் ஒரு நாளும் ஒழுங்கா நின்று பார்த்ததில்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரிய மரங்களில் பூ உதிர்ந்து மூன்று வாரம். அத்தனை ஏக்கரிலும் பூ இருந்தது மிச்சமான அந்த இரண்டு வரிசையில் மட்டும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, என் இடுப்பு உயரத்துக்கு. "இருக்கு, வா," என்று எழுதினேன். எழுதிவிட்டுக் காருக்குப் போனேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். இந்த ஊரில் வானிலைக்காரன் சொல்வது பாதி நாள் நடப்பதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இரண்டே நாள், ஞாயிறு பின்னேரம் கிள்ளிவிடலாம் என்றேன். சனிக்கிழமை மத்தியானம் இடி இடித்து மழை கொட்டியது. குளிர்ந்த மழைகூட இல்லை, வெதுவெதுப்பான மழை. நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு, மகளுக்கு இடியப்பத்துக்கு மா வறுத்தேன். மழை தொடங்கும் முன் போய்க் கிள்ளியிருக்கலாம். காரும் வாசலில்தான் நின்றது. நான் போகவில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என் வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். காரில் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வெயில் ஏறியிருந்தது, இலைகள் இன்னும் காயவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவில் அவள் மெதுவாக நடந்து போனாள். தேனீக்கள் ஒரு பூ விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "எவ்வளவு வடிவு, அம்மா," என்றாள். பிறகு திரும்பி நின்று, "இதுக்குத்தானே நீங்கள் இவ்வளவு நாளும் வந்தது. எனக்கு இப்பதான் விளங்குது. நான் அண்டைக்குச் சொன்னது..." என்று தொடங்கினாள்.

"அதை விடு பிள்ளை," என்றேன். அழுதுவிடுவேன் என்று பயந்து, பூவைக் கிள்ளத் தொடங்கினேன். அவள் பதறிப்போனாள்.

"ஏன் அம்மா பிடுங்கிறியள்?"

"பூவை விட்டால் வேர் பிடிக்காது. முதல் வருசம் எல்லாம் கிள்ள வேணும்."

"அப்ப நானும் செய்யிறன்."

பொய் இல்லை, பாதி உண்மை. ஈரப் பூவைக் கையால் கிள்ளிக்கொண்டு மரம் மரமாகப் போனால் நோயையும் கொண்டுதான் போவோம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் மகள் எனக்கு எதிரே, கம்பிக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு கன்றாக என்னோடு வந்துகொண்டிருந்தாள். தான் வேலை செய்யும் கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாள். ஒன்றரை வருடத்துக் கதை. இரண்டு வரிசை முடிய நான்கு மணியாகிவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பதினைந்தாம் நாள் அந்த வரிசைகளில் துளிர்களின் நுனி கைத்தடிப் பிடிபோல வளைந்து தொங்கியது. தண்டில் பிசின்போல் ஒரு துளி. கோயம்புத்தூர்ப் பிள்ளை வந்து குனிந்து பார்த்தாள். மற்றப் பதினெட்டு வரிசையும் நடந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, "ஆன்ட்டி, இந்த ரெண்டு வரிசையில மட்டும் எப்படி?" என்று கேட்டாள்.

நான் குனிந்து தண்ணீர்க் குழாயை நேராக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கே தெரியும்ல," என்று மட்டும் சொன்னாள். அறிக்கையில், நோய் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என எழுதினாள். அவள் எனக்காக அப்படி எழுதினாளா, உண்மையிலேயே சொல்ல முடியாதா என்று நான் கேட்கவில்லை.

நோய் இருக்கும் இடத்துக்கு ஒரு முழம் கீழே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை மதுசாரத்தில் முக்கினேன். வெட்டியதை எல்லாம் பையில் கட்டி எரித்தேன். அதோடு நின்றிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஜூலையில் ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்து, இருபது வரிசையிலும் பட்டை கிழிந்தது. கிழிந்த காயம் எல்லாவற்றுக்குள்ளும் நோய் போய்விட்டது. ஆலங்கட்டிக்கு நான் பொறுப்பில்லை. அது கொண்டுபோய்ப் பரப்புவதற்கு நோயை அங்கே வைத்திருந்தது நான்.

ஓகஸ்டில் மதாம் ஊன்றுகோலோடு வந்தார். வரிசையின் முனையில் நின்று என்னைக் கேட்டார்: "பூ முழுவதையும் எடுத்தாய்தானே?"

"எல்லாம் எடுத்தேன், மதாம்."

"தெரியும். நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்." கன்றை விற்ற நாற்றுப் பண்ணைதான் நோயோடு அனுப்பிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்தப் பண்ணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, நான் பக்கத்தில் நிற்க, என் காதால் கேட்க முடியாத அளவுக்குத் திட்டினார். அந்த மனிதர் பாவம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் கையுறையைக் கழற்றினேன், போட்டேன், மறுபடியும் கழற்றினேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் மதாம் ஏன் விட்டாய் என்று கேட்பார். மகளுக்காக என்று நான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் எப்படியாவது ஒரு நாள் மகளின் காதுக்குப் போகும். தான் பார்க்க வந்த பூவால், தான் கிள்ளிய பூவால் ஒரு தோட்டம் அழிந்தது என்று அவள் அறியக் கூடாது. இப்படித்தான் அப்போது நினைத்தேன். எனக்காக நான் பட்ட பயத்துக்கு மகளின் பெயரைப் போட்டுக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கன்றுகளை இயந்திரத்தால் பிடுங்கிக் குவித்து எரித்தார்கள். பெரிய மரங்களில் கடைசி முறையாகப் பழம் பறித்தோம். நவம்பரில் சோளக்காரர் கையெழுத்துப் போட்டார். மறுநாளே பெரிய மரங்களையும் சாய்க்கத் தொடங்கினார்கள். நான் வெட்டி வெட்டி வடிவாக்கிய மரங்கள், எந்தக் கொப்பு எந்தப் பக்கம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பார்க்க முடியாமல் காருக்குள் போய் இருந்தேன். மதாம் நொண்டி நொண்டி வந்து யன்னலைத் தட்டினார். "உன் வேலையையும் சேர்த்து அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்," என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வேலைக்கு உதவும் என்று ஒரு கடித உறையைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மகள் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வருகிறாள். அந்தக் கிழமையும் வந்தாள். எனக்குப் பிரெஞ்சு எழுத்து வாசிக்க வராது. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். முதலில் மனதுக்குள் வாசித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நேரத்துக்கு வருவார். குளிர், மழை பார்க்க மாட்டார். ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பதினொரு வருசத்தில, குடுத்த வேலையைப் பாதியில விட்டதை ஒரு நாளும் நான் கண்டதில்லை. அப்பிடி எழுதியிருக்கிறா, அம்மா."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"இருங்கோவன். இன்னொருக்கா வாசிக்கிறன்," என்றாள் மகள். அவளுக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமை. நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தாள்.