சும்மா குளிசை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதியில் ஒரு நாலாம் மாடி வீட்டுச் சமையலறையில் நின்று, ஒரு பெண்ணுக்குப் பதினான்கு குளிசைகள் கொடுத்தேன். காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாளைக்கு. இதை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் என் ஞாபகசக்தி இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு நாள்கூட விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு வேலை தொடங்கினேன், எந்த பஸ் பிந்தியது, யாருக்கு என்ன சொன்னேன் எல்லாம் அதில் இருக்கும். மன்னாரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த பழக்கம். இங்கே வீடுகள் துப்புரவாக்கும் வேலைக்கு வந்த பிறகும் அது போகவில்லை.

அந்தப் பெண் ஆஸ்திரேலியாக்காரி. பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்றுக்குச் சம்பளத்துக்கு விளையாட வந்தவள். வயது முப்பத்துநான்கு. அந்த வீடு அணியினர் அவளுக்காக எடுத்துக் கொடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் நான் போய்க் கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து வருவேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எனக்கு ஓரளவு இருந்ததால் எங்கள் இருவருக்கும் பேச்சுச் சிரமமில்லை.

அவளைப் பற்றி நான் முதலில் கவனித்தது உயரத்தை அல்ல. அவளும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை மணி நேரம் தூங்கினாள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எந்த முழங்கால் எப்போது நொந்தது எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தன. அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தகப்பன் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தாராம். டிராக்டர் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் அவர் அடித்துக் கொடுத்த இரும்பு வளையத்தில்தான் ஐந்து வயதில் பந்து போடத் தொடங்கினாள். அதன் பிறகு ஆறு நாடுகள், பன்னிரண்டு குளிர்காலங்கள், இரண்டு முழங்கால் சத்திரசிகிச்சைகள். ஒரு நாட்டில் அணி கலைந்து போனது, இன்னொரு நாட்டில் பயிற்சியாளர் மாறியதும் அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அவள் பஸ் மாறிய கதையைச் சொல்வதுபோலச் சொல்வாள். ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். அவளுடைய சொந்த ஊர் அணி அடுத்த பருவத்துக்கு அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. இங்கே இந்தப் பருவத்தை ஒழுங்காக முடித்துவிட்டு, தன் ஊரில், தகப்பன் பார்த்திருக்க, கடைசியாக ஒரு வருடம் விளையாடி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த அணி அனுப்பிய கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். வாரம் இரண்டு தடவை அதன் மேல் தூசி படியாமல் துடைப்பேன்.

என்னை அக்கா என்று கூப்பிட நானே பழக்கினேன். இன்னொரு சொல்லையும் பழக்கினேன். ஒருநாள் வேலை முடிந்து ஜன்னலோரம் இருந்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். வாய் தவறி, "சும்மா" என்றேன். அதற்கு என்ன பொருள் என்று விடாமல் கேட்டாள். வேலை இல்லாமல் இருப்பதும் சும்மா, காரணம் இல்லாமல் வருவதும் சும்மா, விளையாட்டுக்குச் சொல்வதும் சும்மா, ஒன்றும் இல்லாததும் சும்மா என்றேன். கொப்பியை எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். அணி தோற்றாலும் தோளைக் குலுக்கி, "சும்மா, அக்கா" என்பாள்.

ஜனவரியில் வலது முழங்கால் வீங்கியது. அணியின் வைத்தியர் கொடுத்த மருந்து வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். என் கணவருக்கும் முழங்கால் வருத்தம். மன்னாரில் ஒரு நாட்டு வைத்தியர் உருட்டிக் கொடுக்கும் கறுப்புக் குளிசைகளை ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வந்து தருவார்கள். அதில் பதினான்கை எண்ணி, ஒரு சின்ன ஜாம் போத்தலில் போட்டுக் கொண்டுபோனேன். வைத்தியர் கைப்பட எழுதிய துண்டையும் மடித்து உள்ளே வைத்தேன். அந்தத் துண்டை அன்று காலையே என் நாட்குறிப்பில் அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, குங்கிலியம், சுத்தி செய்த எட்டிக்கொட்டை.

அவள் உடனே வாயில் போடவில்லை. தான் எது விழுங்கினாலும் பெயர் தெரிந்திருக்க வேண்டும், சோதனை வைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். துண்டை விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் கேட்டாள். சுக்குக்குச் சொன்னேன். மிளகுக்குச் சொன்னேன். மற்ற மூன்றுக்கும் எனக்குத் தெரியவில்லை. எட்டிக்கொட்டை நஞ்சு என்பதும், சுத்தி செய்துதான் மருந்தில் போடுவார்கள் என்பதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதுதான் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சரியாக வைத்திருக்கிற அக்கா என்று அவள் என்னை நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

"இது மருந்தா, அக்கா?"

"மருந்தில்லை. இலை, வேர். சும்மா குளிசை."

அவள் சிரித்தாள். கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு இங்கேயே ஆட்டம். எனக்கும் கணவருக்கும் நுழைவுச்சீட்டு தந்திருந்தாள். குளிசை தொடங்கி ஆறாம் நாள் அது. வீக்கம் வடிந்திருந்தது. முதல் பாதியில் நான்கு தடவை தூரத்திலிருந்து போட்ட பந்து வளையத்தின் விளிம்பில் படாமலே வலைக்குள் விழுந்தது. கணவர் என் விலாவில் இடித்தார்.

"இஞ்சேர், அவளே ஓடுறாள்? உன்ரை குளிசை எல்லே ஓடுது!"

"மெல்லக் கதையுங்கோ, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். மன்னார் குளிசைக்கும் ஒரு கப் குடுக்கச் சொல்லு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. ஆட்டம் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் அவளுக்குப் பக்கத்தில் நடந்து போவதைக் கண்டேன். சோதனைக்காக அழைத்துப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது, வீட்டிலிருந்த போத்தல், டப்பா, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். சிறுநீரில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாகக் கடிதம் வந்திருந்தது. விசாரணை முடியும்வரை விளையாட முடியாது. அவள் முதலில் கேட்டதே என் குளிசையைத்தான்.

"அக்கா, அது... சும்மா?"

"சும்மாதான்," என்றேன். அந்த நேரம் நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. உடம்பு தேறுவதற்குக் குடிக்கும் மாவு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்தாள். கடிதத்தில் இருந்த பொருளின் பெயரை நான் ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது, பழக்கம். பஸ்ஸில் இருந்து அதைக் கைபேசியில் தட்டிப் பார்த்தேன். எட்டிக்கொட்டையின் படம் வந்தது.

நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டித் துறைமுகம்வரை போய்விட்டேன். போர்கோ வெக்கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி நடந்து வந்து, கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் இல்லை. நாளைக்குப் போய்ச் சொல்லப் போறன்."

"உனக்கென்ன விசரே? பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்துப்போட்டு இருக்கிறம். வைத்தியர் இல்லாத நீ மருந்து குடுத்தனி எண்டு குவெஸ்தூராவிலை ஒருத்தன் எழுதினால் காணும். ரெண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவளுக்கு வக்கீல் இருக்கு, அவை பாப்பினம். நீ வாயை மூடிக்கொண்டு இரு."

பெர்மெஸ்ஸோ என்பது இங்கே நாங்கள் தங்குவதற்கான அனுமதி அட்டை. குவெஸ்தூரா, அதைத் தருகிற பொலிஸ் அலுவலகம். இந்த இரண்டு சொற்களுக்கும் பயப்படாத எங்கள் ஆட்கள் இந்த ஊரில் இல்லை. நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை. மிச்சக் குளிசைகளை அவர் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியபோது, நான் தடுக்கவும் இல்லை.

அடுத்த செவ்வாய் போனேன். வெள்ளி போனேன். இப்படி ஏழு தடவை. அந்த ஏழு நாள் குறிப்புகளும் என்னிடம் இருக்கின்றன. 'சமையலறை, குளியலறை, ஜன்னல்கள். மூன்று மணி நேரம்.' வேறு ஒரு வரி இல்லை. அந்த நாட்களில் அவளே எனக்குக் கோப்பி போட்டுத் தருவாள். மாவு டப்பாவைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அதில்தான் ஏதோ கலப்படம் இருந்திருக்க வேண்டும், வழக்கறிஞர் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்வாள். நான் கோப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன்.

எட்டாவது தடவை போனபோது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. மாவில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டதாம். அணி அவளை நிறுத்திவிட்டது, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வீட்டை விட வேண்டும். ஊர் அணியும் மன்னிக்கச் சொல்லி எழுதிவிட்டது. அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அலுமாரியிலிருந்து ஒரு சின்ன ஜாம் போத்தலை எடுத்து என் கையில் தந்தாள். கழுவி, துடைத்து, மூடியைத் தனியாகக் காய வைத்துப் பூட்டியிருந்தாள்.

"உன் போத்தல், அக்கா. துண்டு ஈரமாகிவிட்டது, எறிந்துவிட்டேன்."

அப்போதுதான் சொன்னேன். நின்றபடியே, போத்தலைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் பார்த்ததையும் சொன்னேன். எந்த நாள் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அவள் விரல் மடித்து வாரங்களை எண்ணியது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவளோடு வழக்கறிஞரிடம் போனேன். அவரும் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். முதல் வாரத்தில் இந்தப் பக்கமும் இரண்டு குளிசையும் கையில் கிடைத்திருந்தால், தெரியாமல் எடுத்தாள் என்று காட்டிச் சில மாதத் தடையோடு முடித்திருக்கலாம் என்றார். இப்போது மாவைக் குற்றம் சொல்லி, அது பொய்த்துப்போன பிறகு, துப்புரவு செய்கிற பெண் ஒருத்தி தமிழில் எழுதிய கொப்பியோடு வருகிறாள். குளிசையும் இல்லை, துண்டும் இல்லை, போத்தல்கூடக் கழுவியாகிவிட்டது. இதை யார் நம்புவார்கள்? ஆனாலும் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். பெர்மெஸ்ஸோ என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, இந்த வழக்கில் உங்களை யார் கேட்கப் போகிறார்கள்?"

எனக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியாக்காரி நாட்குறிப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. திகதி, நேரம், பதினான்கு என்ற எண் மட்டும் விளங்கியிருக்கும். வரி வரியாக விரலை ஓட்டிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இதில் சும்மா எது?"

ஐந்து பெயர்களும் இருந்தன. எத்தனை குளிசை, எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா எல்லாம் இருந்தது. அந்தச் சொல் இல்லை. நான் அதை எழுதவே இல்லை.

"இல்லை," என்றேன். அவள் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வருடத் தடை விழுந்தது. முப்பத்துநான்கு வயதில், இரண்டு சத்திரசிகிச்சை செய்த முழங்காலோடு, இரண்டு வருடம் என்பது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் வாரம் அவள் ஊருக்குப் போனாள். போகிற நாள் எனக்குச் சொல்லவில்லை. சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை துப்புரவு செய்ய அணியினர் கூப்பிட்டார்கள். போய்ச் செய்தேன். வீடு ஏற்கனவே துப்புரவாகத்தான் இருந்தது.

மே மாதம் எங்கள் பெர்மெஸ்ஸோ வந்தது. அலுவலர் கைவிரல் ரேகையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி தந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் கணவர், "பாத்தியே, நான் சொன்னன் எல்லே?" என்றார். அவர் சொன்னது எது, நடந்தது எது என்று அவரோடு நின்று தர்க்கிக்க எனக்கு உடம்பில் பெலன் இல்லை. அவர் இன்றைக்கும் நல்ல மனுசன்தான். நானும் நல்லவள் என்றுதான் எங்கள் கோயில் ஆட்கள் சொல்கிறார்கள்.

நாட்குறிப்பு இன்னும் எழுதுகிறேன். யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், முன்புபோல ஒரு சொல்லில் பதில் சொல்ல வருவதில்லை. சில நாட்களில் அந்தப் பழைய கொப்பியை எடுத்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறப்பேன். அதில் ஒரு பிழை, ஒரு அடித்தல், ஒரு சந்தேகக் குறி இருக்காதா என்று தேடுவேன். எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.