குளவிப் பொட்டலமும் பள்ளத்தூர் ஈயும்

பூச்சியை ஒழிக்கப் பூச்சியையே விற்பது என் தொழில். வாசலில் நின்று இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள். பாயசத்தில் விழுந்த ஈயை எடுத்துப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று குடித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அலமாரியைத் திறந்ததும் கரப்பான் பறந்து வந்து மூக்கில் மோதியவர்களும் இருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் அந்தக் கூட்டம்தான்.

காரைக்குடியில் பதினோரு வருஷம் விலங்கியல் டீச்சராக இருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடியபின், மதுரையில் ஒரு சின்னக் கம்பெனிக்காக ஸ்கூட்டரில் ஊர் ஊராகக் குளவிப் பொட்டலம் கொண்டுபோகிறேன். ஊருக்கு நான் இன்னும் டீச்சர்தான்.

ஏற்கெனவே வேலையில் இருந்தவர்

குளவி என்றால் கொட்டும் என்றுதான் நம் ஜனங்களுக்குத் தெரியும். நான் விற்பது கொசுவைவிடச் சின்னது, மனிதரைச் சீண்டாது. ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப் போய் அதற்குள் முட்டை வைக்கும். ஈ வரவேண்டிய கூட்டிலிருந்து கொஞ்ச நாளில் குளவி வரும். கரப்பான் முட்டைக்கு வேறு ஜாதிக் குளவிகள் உண்டு. இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

பள்ளத்தூரில் வள்ளியம்மை ஆச்சி தன் வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறார். ஆச்சி என்றதும் வயதானவரை நினைக்காதீர்கள். செட்டியார் வீட்டுப் பெண்களுக்கு அது மரியாதைச் சொல். இவருக்கு என் வயதுதான். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் கதவு வேலைப்பாட்டைப் படமெடுத்தபோது கரப்பானும் கூடவே படத்தில் பதிந்து, அது இணையம் முழுக்கச் சுற்றிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். பாத்திர அறைக்குள் நுழைந்தால், வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டியபடி ஒரு கறுப்புக் குளவி அண்டாமேல் உலாவிக்கொண்டிருந்தது. வேலைக்காரப் பெண் விளக்குமாற்றை ஓங்கினாள். “அடிக்காதே, அது கரப்பான் முட்டையைத் தேடி வந்திருக்கு!” என்று நான் போட்ட சத்தத்தில் ஆச்சியே பயந்துவிட்டார். விஷயம் விளங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன டீச்சர் சொல்றீக? சும்மா வந்து வேலை பாத்ததை எல்லாம் அடிச்சுக் கொன்னுபுட்டு, இப்ப உங்ககிட்ட வெலைக்கு வாங்கணுமாக்கும்?”

பால் மேல் கோபமில்லை

ஆச்சியின் வீடு முன் தெருவில் ஆரம்பித்துப் பின் தெருவில் முடிகிறது. பின் தெருவில், அதன் பின்கதவுக்கு நேர் எதிரே ஜமீலா அக்காவின் மாட்டுத் தொழுவம். மொத்தம் பன்னிரண்டு மாடுகள். கணவர் காதர் பாய் சவூதியில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு அடிபட்டு ஊர் திரும்பியதிலிருந்து குடும்பம் நடப்பது அந்தப் பாலில்தான். அந்தத் தொழுவத்தால் ஈத் தொல்லை என்று ஆச்சி பேரூராட்சிக்கு மனு கொடுத்திருந்தார். ஒரு மாதத்தில் ஈ குறையாவிட்டால் மாடுகளை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. எழுந்து நடக்க முடியாத மனிதரை வீட்டில் விட்டுவிட்டு அக்கா எங்கே போய் இரண்டு வேளையும் பால் கறப்பார்? மாடுகளை விற்பதைத் தவிர வழியில்லை.

ஈயை ஒழிக்க அக்கா கூப்பிட்டு நான் போனபோது, அவர் ஒரு கேனில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். ஆச்சி ஹோட்டலுக்காம். எனக்குச் சுருக்கென்றது. மாட்டை விரட்டச் சொல்லி மனு கொடுத்தவருக்கே பாலா என்று கேட்டுவிட்டேன். அக்கா கேனை மூடிக்கொண்டே சொன்னார்:

“அவுகளுக்குக் கோவம் ஈ மேல. பால் என்ன டீச்சர் செஞ்சுச்சு, அதை எதுக்கு நிப்பாட்டணும்?”

பந்தி

வலைப்பையில் குளவி வளரும் கூடுகளைப் போட்டு, சாணக் குவியலுக்குப் பக்கத்தில் ஈரம் படாத தூணில் கட்டிவிட்டு வந்தேன். சாணத்தைத் தினமும் அள்ளணும், பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, இந்த இரண்டும்தான் நிபந்தனை. அக்கா இரண்டையும் ஒழுங்காகச் செய்தார். நான் சொல்லாத மூன்றாவது ஒன்றையும் செய்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பையில் வெறும் ஓடுகள். தூணில் மேலிருந்து கீழ்வரை எறும்புச் சாரி. பைக்கு அடியில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் வெல்லக் கரைசல். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் புது இடத்தில் பசித்துக் கிடக்குமே என்று வைத்தாராம். கோபமாகத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அடுத்த பொட்டலத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றில் கிரீஸ் தடவினேன். அக்காவுக்குத்தான் ஆறவேயில்லை.

“விருந்தாளிக்குன்னுதான் வெல்லம் வச்சேன் டீச்சர். பந்தியில எறும்பு உக்காந்துருச்சு.”

மூன்றாவது வாரம்

குளவி சொடக்குப் போடுவதற்குள் வேலையை முடிக்காது. ஏற்கெனவே பறக்கும் ஈ செத்து ஓயும்வரை பொறுக்க வேண்டும். மூன்றாவது வாரம் தொழுவத்துக்குள் ஈ குறைந்தது. தெருவிலோ குறைந்த மாதிரியே இல்லை. பார்வையிட வரும் பேரூராட்சி அதிகாரி தெருவில் நின்றுதான் பார்ப்பார். காதர் பாய் யார் மூலமோ பூச்சி மருந்து வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். அதை அடித்தால் என் குளவியெல்லாம் போச்சு. “இன்னும் ஒரு வாரம் பாய்” என்று கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கே பயம். என் பேச்சை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறதே.

மதுரைக்கு போன் செய்து மேனேஜரிடம் எரிந்து விழுந்தேன். நல்ல சரக்குதான் அனுப்பினீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“மேடம், தொழுவத்தைப் பாத்தது போதும். அந்தத் தெருவுல வேற என்ன இருக்குன்னு பாருங்க.”

இரண்டு பாட்டில்

என்ன இருக்கிறது? ஆச்சி வீட்டுப் பின்கதவுதான் இருக்கிறது. எப்போதும் பூட்டியே கிடக்கும். வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். விருந்தாளிகளுக்குத் தினம் மதியம் வாழையிலைச் சாப்பாடு. அந்த எச்சில் இலையெல்லாம் அங்கே ஒரு குழியில். சுவரோரம் காய்ந்த மணலைக் கிளறினால் கை கையாக ஈயின் கூடுகள். இதைச் சொன்னால் ஹோட்டல் வாடிக்கை போய்விடுமே என்றுதான் முதலில் நினைத்தேன், அதை மறைப்பானேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

எங்கள் தொழிலில் சோதனை சுலபம். கூடுகளைப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்தால், வருவது ஈயா குளவியா என்று தெரிந்துவிடும். தொழுவத்தில் முன்பே பொறுக்கிப் போட்ட பாட்டிலில் ஒன்றிரண்டு ஈ, மற்றதெல்லாம் குளவி. குழியில் பொறுக்கியதில் அத்தனையும் ஈ. இரண்டையும் ஆச்சி மேஜையில் வைத்து, எது எங்கே எடுத்தது என்று சொன்னேன். ஆச்சி குழிப் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“வாரவுகளுக்கெல்லாம் வீட்டைச் சுத்திக் காட்டுறேன். அந்தப் பின்கதவுப் பக்கம் நானே போயி எத்தனை வருசமாச்சு டீச்சர்?”

பார்வையிட வந்த அன்று

குழியைப் பற்றி அதிகாரியிடம் சொல்வாரா என்று ஆச்சி பிடிகொடுக்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் நானே அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று பாட்டில்களோடு போய் நின்றேன். அதிகாரி தொழுவத்தைச் சுற்றி வந்தார், பரவாயில்லை என்றார். தெருவுக்கு வந்ததும் ஃபைல்மேலேயே நாலு ஈ உட்கார்ந்தது. பேனாவைத் திறந்தார். ஜமீலா அக்கா ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் கட்டில் போட்டுக் கிடந்த காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். நான் பைக்குள் கை விட்டேன். பாட்டிலை எடுக்கும்போது, எதிரே பின்கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

ஆச்சி வெளியே வந்தார். காலெல்லாம் சேறு. “சார், இங்குட்டு வாங்க” என்று அதிகாரியைக் குழிவரை கூட்டிப்போய்த் தானே ஒரு குச்சியால் இலையைப் புரட்டிக் காட்டினார். குழியை அன்றே மூடப்போவதாகவும் சொன்னார். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்ப மனுவை வாபஸ் வாங்கிக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார். ஆச்சி தெருவுக்கு வந்து, ஜமீலா அக்கா காதில் விழும்படி பதில் சொன்னார்.

“வாபஸ் எதுக்கு சார்? மனு அப்படியே இருக்கட்டும். விலாசத்தை மட்டும் எங்க வீட்டுக்கு மாத்திக்கங்க.”

ஈயைப் பிடிப்பது இந்தத் தொழிலில் பெரிய காரியமே இல்லை. அது யார் வீட்டு ஈ என்று சொல்லிவிட்டு அதே வீட்டில் காப்பியும் குடித்துவிட்டு வருவதுதான் பெரிய காரியம்.