டம்ளர் சார்

பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை பேர் கெளம்பி வந்தீங்க?" என்று கேட்டபடியே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுக்கிறார். கைக்குட்டையால் துடைக்கிறார். தளும்பத் தளும்ப ஊற்றி, அண்ணாந்து, ஒரே மடக்கில் கவிழ்த்துக்கொள்கிறார். சண்டைக்கு வந்த கூட்டம் வாயைப் பிளந்து நிற்கிறது.

குடிநீர் அலுவலகத்தில் புகார்களைக் கேட்கும் அதிகாரி இவர். மேசைமேல் பெயர்ப்பலகை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஊருக்கு அவர் 'டம்ளர் சார்'. மடிப்புக் கலையாத சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, குரலில் தேன். கையை ஓங்கிக்கொண்டு வருகிறவரிடம்கூட "உக்காருங்க, அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா?" என்று கேட்பார். ஓங்கிய கை தானாக இறங்கிவிடும்.

கிழக்குத் தெருக்காரர்கள்தான் அவருடைய நிரந்தர வாடிக்கை. தெருவுக்குப் பின்னால் ஒரு முலாம் பூசும் பட்டறை. அதன் கழிவு மண்ணுக்குள் இறங்கி, ஆழ்துளைக் கிணற்றில் கலந்து, குழாய் வழியாகச் சமையலறைக்கே வந்துவிடுகிறது. தண்ணீரை வெளியே ஓர் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பார்த்ததில் குரோமியம் ஏகத்துக்கும் இருந்தது. அதைச் சொன்னால் சார் சிரிக்கிறார்.

"குரோமியம்னா ஏன் பேயைப் பாத்த மாதிரி பாக்கறீங்க? அது சத்துங்க. மருந்துக் கடையில மாத்திரையா விக்கறான், நாங்க குழாயிலயே விடறோம்." இன்னொரு நாள், "எவர்சில்வர் தட்டுல குரோமியம் இல்லியா? தட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

மாத்திரையில் இருப்பது ஒரு வகை, பட்டறையிலிருந்து வருவது ஈரலைப் பதம் பார்த்துப் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும் வேறொரு வகை. வேதியியல் படித்த மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்ததால்தான் தனக்கு மட்டும், ஊரின் வேறு பக்கத்திலிருக்கும் தன் வீட்டிலிருந்து ஒரு கூஜா நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.

என் வீட்டுக் குழாயும் அதே கிணற்றைச் சேர்ந்தது. ஆகவே அவர் அறைக்கு வெளியே, தாழ்வாரத்துப் பெஞ்சில் நானும் வாராவாரம் தவம் கிடக்கிறேன். அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். குடிப்பதற்கு முன்னால் ஓயாமல் பேசுகிறவர், குடித்தபின் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். பெரிய மனிதத் தோரணையில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தலைபோகிற வேலை இருப்பதுபோல் தாழ்வாரத்துக்கு வருவார். மூலையில் ஒரு தொட்டிச் செடி. புளிச்! பிறகு கைக்குட்டை. செடி என்னவோ தளதளவென்றுதான் இருக்கிறது. அதற்கு ஈரல் கிடையாது.

நான் பார்த்துவிட்டதை ஒருநாள் அவரும் பார்த்துவிட்டார். "செடிக்கும் தாகம் எடுக்கும்ல?" என்றார், கூச்சமே இல்லாமல். பிறகு குரலைத் தணித்தார். "கெட்டுப்போச்சுன்னு சொன்னா நாளைக்கே குழாயை மூடணும். வேற தண்ணிக்கு எங்க போறது? மேல இருக்கறவங்க சமாளிங்கறாங்க, சமாளிக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குழந்தைங்களும் இதைத்தான குடிக்குது?" என்றேன். அவர் செடியின் இலையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

போன திங்கட்கிழமை கூட்டத்தின் முன்வரிசையில் அவருடைய அக்காவே வந்து நின்றார். பக்கத்தில் அக்காவின் மகள், நிறைமாதம். வீடு மாறுகிறோம் என்று மட்டும் தம்பியிடம் சொல்லியிருந்தார்களாம். மாறியது கிழக்குத் தெருவுக்கு.

"டேய், இவங்க என்னென்னமோ சொல்றாங்கடா. உன் மருமக வாயும் வயிறுமா இருக்கா. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் நம்பறேன்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் கூட்டம் பாட்டிலை நீட்டிவிட்டது. கை பழக்கதோஷத்தில் டம்ளரை எடுத்தது. ஊற்றினார், கவிழ்த்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? என் தம்பியே குடிச்சிட்டான்!" என்று அக்கா கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகத் திரும்பினார். "இனிமே யாராச்சும் வாயத் தொறந்தீங்க, பாருங்க!"

"நின்னு நின்னு நாக்கு வறண்டு போச்சும்மா" என்ற மகள், அதே பாட்டிலிலிருந்து அதே டம்ளரில் ஊற்றினாள். "மாமாவே குடிச்சாச்சு, அப்புறம் என்ன?"

சார் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார். செடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏனோ திரும்பிப் பார்த்தார். டம்ளர் அவள் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? பாய்ந்து வந்து, டம்ளரை உள்ளங்கையால் பொத்தினார்.

"என்னடா?" என்றார் அக்கா.

உப்பிய கன்னங்களோடு அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடைவாயில் தண்ணீர் ஒழுகி, மடிப்புக் கலையாத சட்டையை நனைத்தது. கிழக்குத் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.